பெருந்தொற்றுக் காலத்து மருத்துவ ஆய்வுகளை எடைபோடுவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில், ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. பிரான்சின் மார்செய் நகரில் ஒரு குழு 36 பேரை வைத்து ஆய்வு செய்து, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொரோனா வைரஸை விரட்டுகிறது என்று எழுதியது. கட்டுரை மார்ச் 16 அன்று இதழுக்குப் போனது, 17 அன்று ஏற்கப்பட்டது, 20 அன்று இணையத்தில் வந்துவிட்டது. அதே வாரம், மார்ச் 19 அன்று, பிரிட்டனில் ரெக்கவரி என்ற பெரிய சோதனை தன் முதல் நோயாளியைச் சேர்த்தது.

இரண்டுமே அவசரத்தில் பிறந்தவைதான். மார்செய் கட்டுரை உலகத்தையே ஒரு சுற்று சுற்ற வைத்தது. பல நாடுகளில் அந்த மாத்திரையை முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்கே தட்டுப்பாடு வந்தது. கடைசியில் 2024 டிசம்பரில் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ரெக்கவரியோ நூறு நாளுக்குள் இரண்டு விடைகளைச் சொன்னது: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உதவவில்லை, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உதவுகிறது.

அதனால் "அவசரத்தில் செய்ததால்தான் ஆய்வுகள் கெட்டுப்போயின" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒன்று தேறியதற்கும் மற்றது தேறாததற்கும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

இது யாருக்கு? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் என்று எங்கே பார்த்தாலும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். நர்ஸாக இருப்பார், மருந்துக்கடையில் வேலை செய்வார், இல்லையென்றால் வெறும் அறிவியல் ஆசிரியராக இருப்பார். சென்னையிலிருந்து ஒரு ஃபார்வர்ட், லண்டனிலிருந்து ஒரு ஃபார்வர்ட், ஜோகன்னஸ்பர்க் மாமாவிடமிருந்து ஒன்று என்று வந்தால், "இது உண்மையா?" என்ற கேள்வி அவரிடம்தான் போய் நிற்கும். அவருக்காக எழுதுகிறேன். மருத்துவப் பட்டம் வேண்டாம். அரை மணி நேரமும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

எடுத்துக்காட்டுகளில் பலவற்றை நம் நாட்டிலிருந்தே எடுத்திருக்கிறேன். கோவிட் காலத்தில் தென்னாப்பிரிக்கா நல்ல ஆய்வுகளைத் தந்தது, அவற்றை மற்றவர்கள் தவறாகப் படித்ததன் விலையையும் கொடுத்தது.

முதலில் வெள்ளத்தின் அளவு

தொற்று தொடங்கிய முதல் 10 மாதங்களில் கோவிட் பற்றி 1,25,000-க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் 30,000-க்கும் மேல், அதாவது நான்கில் ஒன்று, துறை வல்லுநர்கள் யாரும் மதிப்பாய்வு செய்வதற்கு முன்பே இணையத்தில் போடப்பட்ட ப்ரீபிரிண்ட் வகை. மருத்துவ இதழ்கள் ஒரு கட்டுரையைப் பெற்று வெளியிட எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

என்னை அதைவிட உறுத்தும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் கோவிட் சிகிச்சைச் சோதனைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மருந்தை ஒரு குழுவுக்குக் கொடுத்துப் பார்ப்பதை ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டால், 2,895 பிரிவுகள் இருந்தன. அவற்றில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, விடை சொல்லப் போதுமான ஆட்களையும் சேர்த்திருந்தவை சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் தொடங்கும்போதே விடை சொல்ல முடியாதவை. நோயாளிகள் நம்பிக் கையெழுத்துப் போட்டதும், மருத்துவர்கள் தூக்கம் கெட்டதும் அவற்றில் பெரும்பாலும் வீண்.

படி 1: செய்தியை விடுங்கள், கட்டுரையைப் பிடியுங்கள்

ஃபார்வர்டிலோ செய்தியிலோ மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: முதன்மை ஆய்வாளர் பெயர், நிறுவனம், இதழின் பெயர். இவற்றில் இரண்டு கிடைத்தால் மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் கட்டுரை அகப்பட்டுவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ எண் இருந்தால் இன்னும் எளிது. ஒன்றுமே இல்லாமல் "ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அரை மணி நேரம் மிச்சம்.

கிடைத்ததும் சுருக்கத்தோடு நிற்காதீர்கள். முழுக்கட்டுரையை இறக்குங்கள். கோவிட் கட்டுரைகளைப் பெரிய பதிப்பாளர்களே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் சவுத் ஆஃப்ரிக்கன் மெடிக்கல் ஜர்னலையும் காசில்லாமல் படிக்கலாம். சுருக்கத்தில் வெற்றி பேசும், முறைகள் பகுதியில்தான் உண்மை பேசும். நான் எப்போதும் முறைகள் பகுதியிலிருந்துதான் தொடங்குவேன். முடிவுரையைக் கடைசியில் படித்தால் போதும், சில சமயம் படிக்கவே வேண்டியதில்லை.

படி 2: கட்டுரை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ப்ரீபிரிண்ட், மதிப்பாய்வு முடிந்தது, திரும்பப் பெறப்பட்டது. இந்த மூன்றில் எது என்று பாருங்கள். மருத்துவ ப்ரீபிரிண்ட்களுக்கான மெட்ஆர்கைவ் தளம் 2019 ஜூனில்தான் தொடங்கியது, பெருந்தொற்றுக்குச் சரியாக ஆறேழு மாதம் முன்பு. அதில் உள்ள கட்டுரைகளின் பக்கத்திலேயே "இது மதிப்பாய்வு செய்யப்படாதது, இதை வைத்துச் சிகிச்சை முடிவெடுக்காதீர்கள்" என்ற பொருளில் எச்சரிக்கை இருக்கும்.

ப்ரீபிரிண்ட் என்றாலே குப்பை என்று நினைத்துவிடவும் கூடாது. 2020 டிசம்பர் 18 அன்று, பிற்பாடு பீட்டா என்று பெயர்பெற்ற கொரோனா வைரஸ் வகையை டர்பனில் உள்ள கிரிஸ்ப் மரபணு ஆய்வு மையத்தின் குழு உலகுக்குச் சொன்னது. துலியோ டி ஒலிவேரா தலைமையிலான அந்தக் குழு சில நாட்களில் ப்ரீபிரிண்டையும் போட்டது. நேச்சர் இதழில் அது வெளிவந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில். அதுவரை காத்திருந்தால் இரண்டாம் அலையே முடிந்திருக்கும். மறுபக்கம், 2020 ஜனவரி 31 அன்று டெல்லியிலிருந்து ஒரு குழு, கொரோனா வைரஸில் எச்ஐவியின் துண்டுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று பயோஆர்கைவ் என்ற இன்னொரு ப்ரீபிரிண்ட் தளத்தில் போட்டது. மற்ற விஞ்ஞானிகள் அங்கேயே கருத்துகளில் பிய்த்தெடுக்க, இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் "ஆய்வகத்தில் செய்த வைரஸ்" என்ற கதை இன்னும் சுற்றுகிறது.

மதிப்பாய்வு முடிந்ததும் பொன் ஆகிவிடாது. உலகத்தின் தலைசிறந்த இதழ்களே சறுக்கிய கதை படி 7-இல் வருகிறது. எனவே கட்டுரையின் பக்கத்தில் சிவப்பில் ஏதேனும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளத்திலும் தலைப்பைத் தேடுங்கள். 2010-இலிருந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணித்து வருகிற தளம் அது. கோவிட் கட்டுரைகளின் பட்டியலே அங்கே நூற்றுக்கணக்கில் நீளும்.

படி 3: என்ன வகை ஆய்வு?

இதை வேகமாகக் கடக்கலாம். உயிரணுவில் செய்ததா, சில நோயாளிகளின் கதையா, பலரைக் கவனித்து எழுதியதா, குலுக்கல் முறையில் பிரித்த சோதனையா, பல ஆய்வுகளைக் கூட்டியதா என்று கண்டுகொண்டால் போதும்.

உயிரணு ஆய்வுக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து நல்ல பாடம். 2020 ஏப்ரலில் மெல்போர்னில் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் அந்த மருந்தை ஊற்றினார்கள், 48 மணி நேரத்தில் வைரஸ் 5,000 மடங்கு குறைந்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் ஊற்றிய அளவு, வழக்கமான மாத்திரை சாப்பிட்டால் மனித இரத்தத்தில் வரும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். தட்டில் வைரஸைக் கொல்லும் பொருள்கள் ஏராளம், சோப்பும் அதில் ஒன்று.

நாடுகளை ஒப்பிடும் வரைபடங்களிலும் கவனம் வேண்டும். காசநோய்க்கான பிசிஜி ஊசி போடும் நாடுகளில் கோவிட் சாவு குறைவு என்று 2020-இல் வரைபடம் மேல் வரைபடமாக வந்தது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் பிசிஜி உண்டு என்பதால் நம்மவர்களுக்கும் அது இனிப்பான செய்தி. வெஸ்டர்ன் கேப்பில் 1,000 சுகாதார ஊழியர்களுக்குக் குலுக்கல் முறையில் மறுபடி பிசிஜியோ பிளாசிபோவோ (மருந்தில்லாத போலி ஊசி) போட்டுப் பார்த்தார்கள். கோவிடிலிருந்து அது காக்கவில்லை. நாட்டுக்கு நாடு வயது, பரிசோதனை, கணக்கு வைக்கும் விதம் எல்லாம் மாறும்போது, ஊசியை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்தால் வராது.

படி 4: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்?

வழிகாட்டியின் நெஞ்சு இதுதான். வேறெதற்கும் நேரமில்லை என்றால் இந்த ஒரு படியை மட்டும் செய்யுங்கள்.

கோவிட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாமாகவே குணமாகிவிடுவார்கள். எனவே எதைக் கொடுத்தாலும் "கொடுத்தோம், குணமானார்கள்" என்று எழுதலாம். கபசுரக் குடிநீர் குடித்த நூறு பேர் தேறிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தால், அதே நூறு பேர் வீட்டு மிளகு ரசம் மட்டும் குடித்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதே முதல் கேள்வி. சித்த மருந்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆங்கில மருந்துக்கும் கேள்வி இதுவேதான், மார்செய் ஆய்வு விழுந்ததும் இந்த இடத்தில்தான்.

அந்தக் கட்டுரையின் உள்ளே போவோம். மருந்து பெற்றவர்கள் உண்மையில் 26 பேர். அவர்களில் 6 பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன்? மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார், ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்தினார். மிஞ்சிய 20 பேரை மட்டும் எண்ணினால் மருந்து வெற்றி. ஒப்பீட்டுக்கு வைத்த 16 பேரும் குலுக்கலில் வந்தவர்கள் இல்லை. மருந்து வேண்டாம் என்று மறுத்தவர்களும் வேறு மருத்துவமனைகளில் இருந்தவர்களும் அதில் கலந்திருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை, எல்லாம் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

இப்போது ரெக்கவரி. கணினி குலுக்கிப் போட்டது: 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோன், 4,321 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 28 நாளில் மருந்துக் குழுவில் 22.9 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றதில் 25.7 சதவீதம். குலுக்கல் ஏன் முக்கியம் என்றால், வயது, சர்க்கரை, உடல் பருமன் என்று நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்துவிடும். பிறகு வித்தியாசம் இருந்தால் அது மருந்தின் வேலை.

ரெக்கவரி இன்னொன்றையும் காட்டியது. செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களில் சாவு 41.4-இலிருந்து 29.3 சதவீதமாக இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிலோ மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14.0. அதாவது லேசான நோய்க்கு அது உதவியதாகத் தெரியவில்லை, கெடுதல் செய்யவும் கூடும். இந்த மருந்தைத் தயாரிக்கும் ஆஸ்பென் நிறுவனத்தின் தலைமையகம் டர்பனில்தான் இருக்கிறது. "நம்ம ஊர் மருந்து" என்று பெருமைப்பட்டவர்கள், வீட்டில் இருமலோடு படுத்திருந்த தாத்தாவுக்கு அது எதற்காகக் கூடாது என்பதையும் அந்த அட்டவணையிலேயே பார்த்திருக்கலாம்.

எல்லாவற்றையும் குலுக்கிப் பார்க்க முடியாது. யாருக்கு எச்ஐவி என்று சீட்டுப் போட முடியுமா? அப்போது கவனித்து எழுதும் ஆய்வுதான் வழி, நன்றாகவும் செய்யலாம். வெஸ்டர்ன் கேப் மாகாணம் தன் அரசு மருத்துவமனைப் பதிவுகளை இணைத்து, சுமார் 34 லட்சத்து 60 ஆயிரம் பேரைப் பார்த்தது. 22,308 பேருக்குக் கோவிட், 625 பேர் சாவு. வயதையும் சர்க்கரை போன்ற மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகு, எச்ஐவி உள்ளவர்களுக்குச் சாகும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று வந்தது. இப்படிப்பட்ட கட்டுரையில் முதல் அட்டவணையைத் தேடுங்கள். இரு குழுவின் வயதும் நோய்களும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பக்கம் இளைஞர்களும் மறுபக்கம் முதியவர்களும் என்றால், அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று எழுதாத கட்டுரையை மூடிவிடலாம்.

படி 5: எதை அளந்தார்கள்?

மார்செயில் அளந்தது ஆறாம் நாள் மூக்குச் சளியில் வைரஸ் தெரிகிறதா என்பதை. ரெக்கவரியில் அளந்தது உயிர் இருக்கிறதா என்பதை. நோயாளிக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் குறைந்தது, காய்ச்சல் அரை நாள் முன்னதாக விட்டது என்பவை பயனற்றவை அல்ல, ஆனால் "உயிர் காக்கும்" என்ற தலைப்புக்கு அவை போதாது.

படி 6: எண்களை வாசித்தல்

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 2021 பிப்ரவரி 1 அன்று பூனாவின் சீரம் நிறுவனத்திலிருந்து அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி 10 லட்சம் டோஸ் ஜோகன்னஸ்பர்கில் வந்து இறங்கியது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 7 அன்று, அரசு அதை நிறுத்திவைத்தது. ஷபீர் மாதி தலைமையில் இங்கேயே நடந்த சோதனையின் முடிவுதான் காரணம். "10 சதவீதம்தான் வேலை செய்கிறது" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது.

கட்டுரையைத் திறந்தால் வேறு காட்சி. பிளாசிபோ பெற்ற 717 பேரில் 23 பேருக்கு லேசான அல்லது நடுத்தரக் கோவிட். தடுப்பூசி பெற்ற 750 பேரில் 19 பேருக்கு. பீட்டா வகையை மட்டும் எடுத்தால் பாதுகாப்பு 10.4 சதவீதம். ஆனால் பக்கத்திலேயே நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விடை இருக்கக்கூடிய எல்லை, இருக்கிறது: கழித்தல் 76.8 முதல் கூட்டல் 54.8 வரை. இதற்கு என்ன பொருள்? உண்மையான பாதுகாப்பு பாதிக்கும் மேலாக இருக்கலாம், சுத்தமாக இல்லாமலும் இருக்கலாம், இந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 10.4 என்ற ஒற்றை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தது வீண் வேலை.

அதைவிட முக்கியம், இந்தச் சோதனையில் இருந்தவர்களின் நடு வயது 30. இரு குழுவிலும் ஒருவர்கூடத் தீவிர நோயால் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆகவே 65 வயதுப் பாட்டி சாகாமல் இருப்பாரா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு விடையே சொல்லவில்லை. லேசான நோயைப் பெரிதாகத் தடுக்காது என்பது மட்டுமே தெரிந்தது. நிறுத்திவைத்த முடிவைப் பற்றி இன்றும் நிபுணர்கள் சண்டை போடுகிறார்கள். பத்து நாளில், பிப்ரவரி 17 அன்று, சிசோன்கே ஆய்வு மூலம் சுகாதார ஊழியர்களுக்கு ஜான்சன் ஊசி கிடைத்ததால், அவர்களைப் பொறுத்தவரை அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். முதியவர்களைப் பொறுத்தவரை எனக்கு அந்த அளவு சமாதானம் இல்லை.

சரி, இனி எண்ணைப் பார்த்ததும் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, இடைவெளியைப் பாருங்கள். அது அகலமாக இருந்தால் ஆய்வு சிறியது, பாதுகாப்பு சதவீதத்தில் அது பூஜ்யத்தைத் தாண்டி இரு பக்கமும் நீண்டிருந்தால் முடிவு வரவில்லை. இரண்டு, சதவீதத்தைத் தலைக்கணக்காக மாற்றுங்கள். "சாவு 29 சதவீதம் குறைந்தது" என்பதைவிட, செயற்கை சுவாசத்தில் இருந்த 100 பேரில் 41 பேர் இறக்கும் இடத்தில் 29 பேர் இறந்தார்கள் என்றால் மனதில் நிற்கும். எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவர் பிழைக்கிறார். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் அந்த வித்தியாசம் 100-க்கு 3 பேர்.

படி 7: தரவு எங்கிருந்து வந்தது?

2020 மே 22 அன்று லான்செட் இதழ், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள், ஆறு கண்டங்கள் என்று ஒரு மாபெரும் ஆய்வை வெளியிட்டது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாவை அதிகரிக்கிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் உடனே தன் சாலிடாரிட்டி சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. தரவைத் தந்தது சர்ஜிஸ்பியர் என்ற, அதுவரை பலர் கேள்விப்படாத ஒரு சிறிய நிறுவனம்.

சில நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கடிதம் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தத் தேதி வரை அதிகாரபூர்வமாக 67 சாவு, கட்டுரையிலோ 73. ஆப்பிரிக்கத் தரவு இன்னும் மோசம். அது உண்மையாக இருக்க வேண்டுமானால், அதுவரை கண்டம் முழுக்கப் பதிவான கோவிட் நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேரும், இறந்தவர்களில் 40 சதவீதமும் இந்த ஒரு நிறுவனத்தோடு இணைந்த, நுணுக்கமான மின்னணுப் பதிவு வைத்த மருத்துவமனைகளில் இருந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனை ஜன்னலில் தன் காகிதக் கோப்புக்காக வரிசையில் நின்ற எவரும் இதைப் படித்தவுடன் சிரித்திருப்பார். ஜூன் 4 அன்று லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே நாளில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழும், அதே தரவில் எழுந்த இன்னொரு கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

மருந்து உதவாது என்பது பிற்பாடு ரெக்கவரியில் உறுதியானது. விடை சரியாகவே அமைந்துவிட்டாலும், யாராலும் சரிபார்க்க முடியாத தரவை வைத்துச் சொன்னால் அது ஆய்வு ஆகாது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 671 மருத்துவமனை ஆய்வை எழுதியவர்கள் நான்கே பேர். பெரிய சோதனைகளில் மருத்துவமனைகளின் பெயர்களும் ஊழியர்களுக்கு நன்றியும் பக்கம் பக்கமாக வரும். தரவைக் கேட்டால் தருவோம் என்று எழுதியிருக்கிறதா, எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது என்பதையும் பாருங்கள்.

சோதனை முன்கூட்டியே பதிவானதா என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஆப்பிரிக்கச் சோதனைகளுக்குக் கேப் டவுனிலிருந்து நடக்கும் பான் ஆஃப்ரிக்கன் கிளினிக்கல் ட்ரயல்ஸ் ரெஜிஸ்ட்ரி உண்டு. பதிவு எண்ணைப் போட்டு, அவர்கள் முதலில் எதை அளப்பதாகச் சொன்னார்கள், கடைசியில் எதை எழுதினார்கள் என்று ஒப்பிடுங்கள். கோல் கம்பத்தை நகர்த்தியிருந்தால் தெரிந்துவிடும்.

படி 8: கூட்டுக் கணக்கில் ஏமாறாதீர்கள்

2021 ஜனவரியில், இரண்டாம் அலையின் உச்சத்தில், நம் நாட்டில் ஐவர்மெக்டின் கள்ளச் சந்தையில் ஓடியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் மருந்தையே வாங்கினார்கள். ஜனவரி 28 அன்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா, கட்டுப்பாடுகளோடு கருணை அடிப்படையில் பயன்படுத்த அனுமதி தருவதாக அறிவித்தது. அப்போது எல்லோரும் காட்டியது "பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தோம், சாவு வெகுவாகக் குறைகிறது" என்ற வகைக் கட்டுரைகளை.

அந்தக் கூட்டலில் பெரிய பங்கு 2020 நவம்பரில் எகிப்திலிருந்து வந்த ஒரு ப்ரீபிரிண்டுக்கு. லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் அதைப் பாடத்துக்காகப் படித்தபோது, முன்னுரையின் பத்திகள் வேறிடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டார். தரவைத் தோண்டினால், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2021 ஜூலையில் தளமே அதை எடுத்துவிட்டது. அதை நீக்கிவிட்டுக் கூட்டியபோது மருந்தின் மகிமையும் பெருமளவு கரைந்தது. பிறகு பிரேசிலில் டுகெதர் சோதனை 1,358 பேரைக் குலுக்கிப் பிரித்தது: மருந்துக் குழுவின் 679 பேரில் 100 பேர் நோய் முற்றி மருத்துவமனையிலோ நீண்ட அவசரக் கண்காணிப்பிலோ இருக்க வேண்டி வந்தது, பிளாசிபோவின் 679 பேரில் 111 பேர். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2022 மே மாதத்தில் சாப்ரா தன் திட்டத்தை முடித்துக்கொண்டது.

கூட்டு ஆய்வைப் படிக்கும்போது, எந்த ஒரு ஆய்வை எடுத்துவிட்டால் முடிவு சாய்ந்துவிடும் என்று தேடுங்கள். நல்ல கூட்டு ஆய்வாளர்கள் அதைத் தாங்களே செய்து காட்டியிருப்பார்கள். கேப் டவுனிலும் கிளை வைத்திருக்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகள் இதில் கறாரானவை, அதனாலேயே கொஞ்சம் தாமதமாக வரும்.

படி 9: அங்கே நடந்தது இங்கே பொருந்துமா? இங்கே நடந்தது அங்கே?

2021 நவம்பர் 25 அன்று ஒமைக்ரானைத் தென்னாப்பிரிக்கா அறிவித்தது. நன்றிக்குப் பதிலாக விமானங்களை நிறுத்தினார்கள். சில வாரங்களில் இங்கே சாவு குறைவு என்று தரவு வந்ததும், "ஒமைக்ரான் லேசானது" என்று உலகம் எழுதியது. ஆனால் கௌடெங்கில் ஒமைக்ரானுக்கு முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனையில் 73.1 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தது, அதுவும் பெரும்பாலும் தொற்று வந்துபோனதால். அந்த எதிர்ப்பாற்றலுக்கு நாம் கொடுத்த விலை சின்னதல்ல: அதிகாரபூர்வக் கணக்கில் கோவிட் சாவு சுமார் 1,02,000, வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த சாவுகளின் கணக்கிலோ 3 லட்சத்துக்கும் மேல். 2022 தொடக்கத்தில் அதே ஒமைக்ரான் ஹாங்காங்குக்குப் போனது. அங்கே தொற்றும் பார்க்காமல், ஊசியும் போடாமல் இருந்த முதியவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

நம் சமூகத்துக்கு இதிலே தனியாக ஒரு கவலை உண்டு. டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிகுதி. ஐரோப்பாவில் சர்க்கரை இல்லாத இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு உங்கள் பெரியப்பாவுக்குப் பொருந்துமா என்று பார்க்க, யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்தியைப் படிக்க வேண்டும்.

படி 10: பதில் எழுதுதல்

கண்டுபிடித்ததை எப்படிச் சொல்வது என்பதும் வேலையில் பாதி. குடும்பக் குழுவில் எல்லோர் முன்னும் பெரியவர்களைத் திருத்தினால், சரியானதும் தவறாகிவிடும். தனியாக எழுதுங்கள். "பெரியம்மா, நீங்கள் அனுப்பியதைத் தேடிப் பார்த்தேன். அது உயிரணுவில் செய்தது, மனிதர்களில் இன்னும் பார்க்கவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்ற அளவு போதும். பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து விடை மாறினால், மாறியது என்று மறுபடி சொல்ல அது உதவும்.

பயிற்சிக்கு ஒன்று

2024-இல் குவாசூலு-நட்டாலிலும் கௌடெங்கிலும் எம்பாக்ஸ் (குரங்கம்மை) வந்தபோது, தீவிர நோயாளிகளுக்கு டெகோவிரிமாட் மருந்தைச் சிறப்பு அனுமதியில் வரவழைத்துக் கொடுத்தார்கள். அந்த மருந்தைக் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 597 பேரிடம் குலுக்கல் முறையில் பிளாசிபோவோடு சோதித்தார்கள். அந்நாட்டில் பொதுவாகப் பதிவான எம்பாக்ஸ் சாவு 3.6 சதவீதமோ அதற்கு மேலோ. இந்தச் சோதனையில் 1.7 சதவீதம்தான். மேலே சொன்ன பத்துப் படிகளில் எந்தப் படி இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் உங்களை நிறுத்த வேண்டும் என்று யோசியுங்கள்.

நான்காவது. மருந்து பெற்றவர்களையும் பிளாசிபோ பெற்றவர்களையும் சேர்த்துத்தான் அந்த 1.7, கொப்புளங்கள் ஆறிய வேகத்திலும் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. இரு குழுவினரையும் குறைந்தது 14 நாள் மருத்துவமனையில் வைத்து, உணவு கொடுத்து, புண்களைக் கவனித்திருந்தார்கள். பிளாசிபோ குழு மட்டும் இல்லாதிருந்தால் அந்தப் புகழ் முழுவதும் மருந்துக்கே போயிருக்கும்.